முப்பத்தொன்றாம் எண் தகடு

தெமூக்கோ,
1993 செப்டம்பர் 12, ஞாயிறு

அன்புள்ள யாஸ்னா கொமாத்ரே,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. மணி ஒன்றரை ஆகப்போகிறது. பாப்பா மைத்தே இப்போதுதான் கண் அயர்ந்தாள். பகலிலேயே எழுதிவிடலாம் என்று மூன்று நாள் உட்கார்ந்தேன். மூன்று நாளும் 'அன்புள்ள' எழுதி முடிப்பதற்குள் எழுந்துவிட்டாள். கையெழுத்து கோணலாக இருந்தால், ஒரு கை தொட்டிலை ஆட்டுகிறது என்று வைத்துக்கொள்.

கால் எப்படி இருக்கிறது? உன் அக்கா நிதியா வீட்டுக்கு நான்கு முறை தொலைபேசியில் அழைத்தேன். நான்கு முறையும் "குளிச்சிட்டு இருக்கா" என்றாள். அந்தோஃபகாஸ்தா பாலைவனம், தண்ணீர் அளந்துதான் வரும் என்பார்கள். நீ மட்டும் எப்படி நாள் முழுக்கக் குளிக்கிறாய் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

இங்கே மழை விடவில்லை. தெரு முழுக்க விறகுப் புகை. மைத்தேவுக்கு இரண்டு பல் ஒன்றாக முளைக்கிறது; உடம்பு கொஞ்சம் சுடுகிறது. அவள் அப்பா இத்தாலோ, "பல்லுக்கு வர்ற சூடுதான், நீ தூங்கு" என்று சொல்லிவிட்டு அவன் தூங்கிவிட்டான். எனக்குத் தூக்கம் வருவதில்லை. குழந்தை மூச்சு விடுகிறாளா என்று குனிந்து பார்க்கிறேன். பார்த்துவிட்டு நிமிரும்போது உன் ஞாபகம். உன்னை மலையில் விட்டுவிட்டுப் பேருந்து கிளம்பிய அந்த ஞாயிறிலிருந்து மூன்று வாரம் இப்படித்தான்.

நேற்றும் பனிச்சறுக்குக் கழகப் பேருந்து போனது. நாங்கள் போகவில்லை. காலை ஆறு மணிக்குச் சதுக்கத்தில் தோன் ஒசியெல் நின்று விசில் ஊதுவாரே, அந்த இடத்தில் இப்போது பல் மருத்துவர் கியெர்மோ. விசில் ஊத வராமல் கை தட்டிக் கூப்பிட்டாராம். "எல்லாரும் வாயைத் தொறங்கன்னு சொல்லப்போறாருன்னு நெனச்சோம்" என்று எதிர்வீட்டுப் பையன்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தோன் ஒசியெலிடமிருந்து விசிலையும் மலைவிடுதிச் சாவியையும் செயற்குழு வாங்கிவிட்டது. பத்தொன்பது குளிர்காலமாக வாரா வாரம் நம்மை லொங்கிமாய் எரிமலைக்கு ஏற்றிக்கொண்டு போய் இறக்கிக்கொண்டு வந்தவர். வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பது, மீதி இரண்டு நாளுக்கு மூச்சு வாங்கிக்கொள்ளத்தான் என்று அவரே சொல்வார். அக்டோபர் 23 பொதுக்குழுவில், அவரைக் கழகத்தை விட்டே நீக்குவதா என்று வாக்கெடுப்பு. உன் புகாருக்குக் கீழே நாற்பத்தாறு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இத்தாலோவும் போட்டிருக்கிறான். நான் போடவில்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

வியாழக்கிழமை ரொட்டிக் கடை வரிசையில் அவரைப் பார்த்தேன். சவரம் செய்துகொள்ளவில்லை. "பாப்பாவுக்குப் பல்லு வந்துடுச்சாம்மா?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. ரொட்டி வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை, யாஸ்னா. இவ்வளவு கடுமை வேண்டாம் என்று நீ ஒரே ஒரு வரி செயற்குழுவுக்கு எழுதினால் போதும். நீ சொன்னால் கேட்பார்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இன்றைக்கு வேண்டாம். இருமுகிறாள்.

உன்
ஹிமேனா

•

அந்தோஃபகாஸ்தா,
செப்டம்பர் 21

ஹிமேனா,

நான் குளிக்கவில்லை. உன் குரலைக் கேட்கப் பிடிக்கவில்லை. அக்காவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, அதனால்தான் நான்கு முறையும் ஒரே பொய்.

என்னைக் கொமாத்ரே என்று எழுதாதே. உன் மகளுக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை, நான் இன்னும் அவளுக்கு ஞானத்தாய் ஆகவில்லை.

கால் கேட்டாய். இடது காலில் கடைசி இரண்டு விரலும் பனியில் உறைந்து கருத்துவிட்டன. ஒன்று பிழைத்துக்கொண்டது. சுண்டுவிரலின் நுனியைப் போன வெள்ளிக்கிழமை எடுத்துவிட்டார்கள். ஒரு பட்டாணி அளவு. அதற்காக அழுவது அசிங்கம் என்று நினைத்து அழாமல் இருந்தேன். பிறகு பதினெட்டாம் தேதி, தேசிய நாளன்று, இங்கே கடற்கரையில் எல்லோரும் எம்பனாதா தின்றுகொண்டு குவேக்கா நடனம் ஆடினார்கள். நாம் வருஷா வருஷம் அந்த நாளில் விடுதி முற்றத்துப் பனியில் பூட்ஸோடு தொம் தொம் என்று ஆடுவோமே, நீ ஒருமுறை கைக்குட்டையைச் சுழற்றி என் கண்ணைக் குத்தினாயே, அது ஞாபகம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதேன். மணல் விழுந்துவிட்டது என்று அக்காவிடம் சொன்னேன். எனக்குப் பொய் வரும்.

அன்று என்ன நடந்தது என்று நீ என்னைக் கேட்கவே இல்லை. மருத்துவமனைக்கு ஒரே ஒரு தடவை வந்தாய். குழந்தையைக் கேடயம் மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் மழையைப் பற்றிப் பேசினாய். நீ கேட்காததால் நானே எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு, நம்மை மேலே இழுத்துப்போகும் இழுவைக் கயிற்றை நிறுத்தினார்கள். நான் சறுக்குக்கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே மேலே ஏறினேன். அது என் கெட்ட புத்தி, ஒப்புக்கொள்கிறேன். கடைசியாக என்னைப் பார்த்தவள் நீதான். "பத்தே நிமிஷம், இந்த ஒரு சரிவு எறங்கிட்டு வந்துடறேன். நீ போய்ப் பால் குடுடி, ஒல்லிக்குச்சி" என்றேன். நீ போனாய்.

உச்சியில் திரும்பி நின்றபோதே வெள்ளைக் காற்று வந்துவிட்டது. என் கட்டைகளின் நுனி எனக்குத் தெரியவில்லை. ஓர் அரௌக்காரியா மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு சரிவைக் காலால் தடவித் தடவி இறங்கினேன். பக்கத்துப் பள்ளத்தில் இறங்கிவிட்டேன். அங்கே ஒரு கட்டை போனது. இடுப்பளவு பனியில் நடந்து விடுதிக்கு வந்தபோது இருட்டிவிட்டது. புகைபோக்கியில் புகை இல்லை. கதவில் பூட்டு.

அந்தப் பூட்டை எட்டு முறை இழுத்துப் பார்த்தேன். எட்டு என்று ஏன் ஞாபகம் இருக்கிறது என்றால், நில அளவைக்காரி எதையும் எண்ணிவிடுவாள். பின்பக்கம் விறகுக் கொட்டகையில் உருளைக்கிழங்குச் சாக்குகளுக்குள் புகுந்துகொண்டேன். தூங்கினால் செத்துவிடுவேன் என்று தெரியும். நான் அளந்த மலைகளின் உயரங்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொன்னேன். தீர்ந்ததும் முதலிலிருந்து சொன்னேன்.

நள்ளிரவு தாண்டி வண்டி வெளிச்சம் வந்தது. இரண்டு போலீஸ்காரர்கள், அவர்களுக்கு முன்னால் தோன் ஒசியெல். என்னைத் தூக்கியது அவர்தான். இல்லை என்று சொல்லவில்லை. அழுதார். ஆனால் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "உன் தகடு வெள்ளையா இருந்துச்சும்மா."

விடுதிப் பலகையில் ஆளுக்கொரு எண் தகடு. மலைக்குப் போகும்போது சிவப்புப் பக்கம், திரும்பி வந்ததும் வெள்ளைப் பக்கம். பாதிப் பேர் சொந்த வண்டியில் ஊர் திரும்புவதால் பேருந்தில் தலையை எண்ணிப் பயனில்லை, பலகைதான் கணக்கு என்று வைத்தவர் அவர். தகட்டை அவரவரே திருப்ப வேண்டும், ஒரு தகடு சிவப்பாக இருந்தாலும் கதவைப் பூட்டக் கூடாது என்று எழுதி ஒட்டியவரும் அவர். மலையில் இருந்தவள் நான். என் முப்பத்தொன்று தானாகத் திரும்பாது. பலகையைப் பார்க்காமலே பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதை மறைக்கப் பொய்.

தப்புச் செய்தவரை நான் மன்னிப்பேன். தப்புச் செய்துவிட்டு மறைப்பவரை மன்னிக்க மாட்டேன். புகார் அப்படியே இருக்கும்.

இல்லை என்றால் நீயே சொல், ஹிமேனா. என் தகடு எப்படி வெள்ளையாகும்?

யாஸ்னா

•

தெமூக்கோ,
அக்டோபர் 1

யாஸ்னா,

நான்தான் திருப்பினேன்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்ச் சமையலறையில் நின்றேன். திரும்பி வந்து பார்த்தேன். காகிதத்தில் அப்படியேதான் இருக்கிறது.

நீ சொன்னபடி நான் இறங்கி வந்தேன். பூட்ஸ் அறையில் பூட்ஸைக் கழற்றும்போதே உள்ளே மைத்தே அழுவது கேட்டது. என் மேல்சட்டை முன்பக்கம் நனைந்துவிட்டது, பால். காலுறையோடு உள்ளே ஓடினேன். வழியில் பலகை. ஈரக் கையுறையோடு என் முப்பதைத் திருப்பினேன். பக்கத்தில் முப்பத்தொன்று. கை தானாகப் போனது என்று முதலில் எழுதி அடித்திருக்கிறேன், பார். கை தானாகப் போகவில்லை. யாஸ்னா இன்னும் பத்து நிமிஷத்தில் வந்துவிடுவாள், அந்தப் பாழாய்ப்போன பூட்ஸைக் கழற்றிக்கொண்டு இதற்காக அவள் உள்ளே வர வேண்டாமே என்று நினைத்தேன். நினைத்துத்தான் திருப்பினேன். நீ எனக்கு எத்தனை முறை திருப்பியிருக்கிறாய், நான் உனக்கு எத்தனை முறை. பூட்ஸோடு உள்ளே வந்தால் சமையல்கார அம்மா கரண்டியைத் தூக்குவாள் என்று நாம் பழகிக்கொண்ட வழக்கம். அப்போதெல்லாம் நீ என் பக்கத்தில் நின்று பூட்ஸோடு போராடிக்கொண்டு இருப்பாய். அன்று நீ மலையில் இருந்தாய். அந்த ஒரு வித்தியாசம்.

பால் குடித்து முடிப்பதற்குள் இத்தாலோ வந்தான். "காத்து திரும்பிடுச்சு, கைக்குழந்தைக்காரங்க எல்லாம் மொதல்ல வேன்ல கீழ எறங்கணுமாம், கெளம்பு." கிளம்பினேன். மலைப் பாதையில் ஒரு வளைவில், "யாஸ்னா வந்திருப்பாளா?" என்று அவனைக் கேட்டேன். "வராம எங்க போவா? பஸ்ல பாட்டுப் பாடிட்டு வருவா" என்றான். நானும் சரி என்றேன்.

ஒன்பது மணிக்குத் தொலைபேசி. தோன் ஒசியெல். "யாஸ்னா அங்க இருக்காளாம்மா? அவ பை மட்டும் பஸ்ல கெடக்கு." இல்லை என்றேன். அவர் மூச்சு விடுவது கேட்டது. "தகடு வெள்ளையா இருந்துச்சே" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. அப்போது சொல்லியிருக்க வேண்டும். அவர் வைத்துவிட்டார். விடியும் வரை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். நீ பிழைத்தால் சொல்லிவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். நீ பிழைத்தாய்.

மருத்துவமனைக்குச் சொல்லத்தான் வந்தேன். கதவைத் திறந்தேன். உன் கால் கூடாரம் மாதிரி போர்வைக்குள் உயர்ந்திருந்தது. மழை என்று ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை.

ஒவ்வொரு நாளாகத் தள்ளத் தள்ள, சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. இத்தாலோவுக்குத் தெரியாது. என் அம்மாவுக்குத் தெரியாது. குழந்தையை வைத்துக்கொண்டு மலைக்கு என்ன போக்கு என்று ஏற்கெனவே கேட்பவள். ஆனால் அவர்கள் பேச்சுக்கு நான் பயப்படவில்லை. உனக்குத்தான் பயந்தேன். இந்த ஊரில் என்னைப் பத்து நிமிஷம் சிரிக்க வைக்கத் தெரிந்தவள் நீ ஒருத்தி. இதைச் சொன்னால் நீ போய்விடுவாய் என்று நினைத்தேன். சொல்லாமலே போய்விட்டாய்.

தோன் ஒசியெல் பொய் சொல்லவில்லை. பலகையைப் பார்த்தார். அது பொய் சொன்னது, நான் சொல்ல வைத்தேன். அவரை நீக்க விடாதே. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுது.

கொமாத்ரே என்று எழுதவில்லை.

ஹிமேனா

•

அந்தோஃபகாஸ்தா,
அக்டோபர் 11

ஹிமேனா,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊன்றுகோலோடு கடற்கரைக்குப் போனேன். இங்கே வானத்திலிருந்து எதுவும் விழுவதில்லை, பெலிக்கன் எச்சத்தைத் தவிர. அது விழுந்தது. உன் நல்ல காலம், கடிதத்தின் மேல் இல்லை.

எனக்குத் தெரியும்.

அன்றைக்கே தெரியாது. மருத்துவமனையில் மூன்றாம் நாள், காய்ச்சல் இறங்கியதும், படுத்துக்கொண்டு யோசித்தேன். பத்தொன்பது வருஷமாக அந்த மனிதர் பலகை முன்னால் நின்று ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து எண்ணுவதைப் பார்த்திருக்கிறோம். எண்ணும்போது யாராவது பேசினால் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவர் பார்க்காமல் பூட்டமாட்டார். அப்படியென்றால் வெள்ளையாகத்தான் இருந்திருக்கும். வெள்ளையாக இருந்தால் திருப்பியது யார்? முப்பதுக்குப் பக்கத்தில் முப்பத்தொன்று.

நான்காம் நாள் நீ வந்தாய். சொல்லப்போகிறாய் என்று காத்திருந்தேன். வாயைத் திறந்தாய், மழை வந்தது. நீ போன பிறகு செவிலியிடம் காகிதம் வாங்கிப் புகார் எழுதினேன். உன் பெயரை எழுதக் கை வரவில்லை. கோபம் மட்டும் இருந்தது, அதை எங்கேயாவது வைக்க வேண்டும். அவர் மேல் வைப்பது சுலபமாக இருந்தது. அவர் சத்தம் போட மாட்டார் என்று தெரியும்.

ஆகவே போன கடிதத்தில் மறைப்பவரைப் பற்றி நான் எழுதிய பெரிய வாக்கியம் எனக்கும் சேர்த்துத்தான்.

இன்னொன்று. அந்தத் தகடு வழக்கத்தை ஆரம்பித்தது நான். நீ வயிற்றில் குழந்தையோடு குனிய முடியாமல் இருந்த குளிர்காலத்தில், "நீ உக்காருடி, நான் திருப்பிக்கறேன்" என்று முதலில் திருப்பியவள் நான்தான். அன்று நான் முன்னால் வந்து, நீ பின்னால் வந்திருந்தால், நானும் திருப்பியிருப்பேன்.

இதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை. திருப்பியதை மன்னித்துவிட்டேன். மழையை இன்னும் மன்னிக்கவில்லை. எப்போது முடியும் என்று தெரியாது.

செயற்குழுவுக்கு இன்று எழுதிவிட்டேன். புகாரைத் திரும்பப் பெறுகிறேன், தோன் ஒசியெல் சொன்னது உண்மை, நான் அதைத் தெரிந்துகொண்டே புகார் கொடுத்தேன் என்று. உன் பெயர் அதில் இல்லை. அதைச் சொல்வது என் வேலை இல்லை. பொதுக்குழுவில் நீ வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும் அவரை நீக்க மாட்டார்கள். ஆனால் தகடு எப்படித் திரும்பியது என்று யாருக்கும் தெரியாத வரை, 'ஏதோ மூடி மறைச்சுட்டாங்க' என்றுதான் ஊர் பேசும். அவர் அதோடு ரொட்டிக் கடை வரிசையில் நிற்க வேண்டும்.

நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை, ஒல்லிக்குச்சி. முன்பெல்லாம் தெரியும்.

யாஸ்னா

மைத்தேவுக்குப் பல் வந்துவிட்டதா?

•

தெமூக்கோ,
அக்டோபர் 24, ஞாயிறு

யாஸ்னா,

மறுபடியும் இதே நேரம், மன்னித்துவிடு. மலையிலிருந்து வந்து மூன்று மணி நேரம் ஆகிறது. தூங்கினால் ஒவ்வொன்றாக மறந்துபோகும் என்று பயந்து உட்கார்ந்துவிட்டேன். பல் இரண்டும் வந்துவிட்டது. முதலில் கடித்தது என்னைத்தான்.

பொதுக்குழுவை இந்த முறை விடுதியிலேயே வைத்தார்கள், பனிப் பருவத்தின் கடைசி வாரம் என்று. போவதற்கு முந்தின நாள் இத்தாலோவிடம் எல்லாம் சொன்னேன். முதலில், "யாரும் பாக்கலையே, இப்ப எதுக்கு?" என்றான். "நான் பாத்தேன்" என்றேன். அவன் எழுந்து போய்க் குழந்தையின் துணிகளைத் துவைத்தான். ஏற்கெனவே துவைத்திருந்த துணிகள். பிறகு வந்து, "நான் வேற கையெழுத்துப் போட்டுத் தொலைச்சேன்" என்றான். காலையில் பேருந்துக்கு அவன்தான் எழுப்பினான்.

சாப்பாட்டு மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு எல்லோரும் பெஞ்சில். தோன் ஒசியெல் வாசலுக்குப் பக்கத்தில், கோட்டைக் கழற்றாமல், எந்த நேரமும் போகச் சொல்வார்கள் என்பது போல உட்கார்ந்திருந்தார். செயலாளர் உன் கடிதத்தை வாசித்தார். கொஞ்ச நேரம் சலசலப்பு. கியெர்மோ மேசையைத் தட்டினார். "நல்லது, புகாரே இல்லன்னா வாக்கெடுப்பும் இல்ல. விஷயம் முடிஞ்சுது. அடுத்தது வெந்நீர்க் கொதிகலன்."

ஒரு பெரிய மூச்சு விட்டேன். உன்னிடம் மறைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்: கொதிகலனைப் பற்றி ஒரு நிமிஷம் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்பாடா என்று இருந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், யாருடையது என்று தெரியாது, "பொம்பளைக்கு என்னத்தயோ குடுத்து வாய அடைச்சுட்டாங்கப்பா" என்றது. தோன் ஒசியெல் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து கோட்டுப் பொத்தானைத் திருகினார்.

மைத்தேவை இத்தாலோவின் மடியில் போட்டுவிட்டு எழுந்தேன். குழந்தையோடு எழுந்தால் மறுபடி மழை வந்துவிடும் என்று தோன்றியது.

"முடியல" என்றேன்.

"கொதிகலனா?" என்றார் கியெர்மோ.

"இல்ல. யாஸ்னாவோட தகட்டைத் திருப்பினது நான். அவ மலையில இருக்கான்னு தெரிஞ்சே திருப்பினேன், வந்துடுவான்னு. அவர் பாத்தப்போ அது வெள்ளையாத்தான் இருந்துச்சு. ரெண்டு மாசமா சொல்லாம இருந்தேன்."

பயிற்சி செய்து வைத்திருந்தது நிறைய. வந்தது இவ்வளவுதான். உட்காரவும் தெரியவில்லை. பிறகு ஒருவர், "நாற்பத்தாறு பேரு இந்த மனுஷன் மேல கையெழுத்துப் போட்டோமே! நீ பாத்துட்டு இருந்தியா?" என்று கத்தினார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றேன். ஒரு பெண் அழுதாள். இன்னொருத்தி என் முகத்தைப் பார்க்காமல், "அந்தப் பொண்ணோட விரலு போச்சு" என்றாள். எல்லாம் நியாயம். நின்றுகொண்டே கேட்டேன்.

பொருளாளர் எதெல்மிராவை உனக்குத் தெரியுமே, எதிலும் வாயே திறக்காதவள். அவள் எழுந்து, "அப்ப நானும் ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள். "வாரா வாரம் என் தகட்டைத் திருப்பறது என் வீட்டுக்காரர். அந்த நேரம் நான் விறகுக் கொட்டகைக்குப் பின்னால சிகரெட் குடிச்சிட்டு இருப்பேன்." அவள் புருஷன் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் என் வீட்டுக்காரிக்குத் திருப்பினா அவ எனக்கு சூப் வாங்கி வைப்பா" என்று இன்னொருவன். அப்புறம் ஒவ்வொருவராக. இருபது பேருக்கு மேல், யாஸ்னா. கடைசியில் கியெர்மோவே, "எனக்கு எங்கம்மா" என்றார். நாற்பது வயசுக்காரர். சிரிப்பு வந்தது, ஆனால் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. எல்லோரும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் சொன்னதால் என்னுடையது குறைந்துவிடவில்லை. அடுத்த குளிர்காலம் முழுக்க நான் கழகப் பயணத்தில் வரக் கூடாது என்று வாக்களித்தார்கள். நானும் கை தூக்கினேன். சாவியையும் விசிலையும் தோன் ஒசியெலிடம் திருப்பிக் கொடுத்தார்கள். சாவியை வாங்கிக்கொண்டார். விசிலை கியெர்மோவிடமே விட்டுவிட்டு, "அடுத்த வருஷமும் நீங்களே ஊதிப் பழகுங்க டாக்டர், நான் ஒரு வருஷம் சும்மா சறுக்கிப் பாக்கறேன்" என்றார்.

வாசலில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன். "ரெண்டு மூணு நாள்ல தெரிஞ்சுது. முப்பதும் முப்பத்தொண்ணும் மட்டும் ஈரமா இருந்துச்சு, ஒரே கையால திருப்பின மாதிரி. அன்னைக்குப் பாத்தேன், யோசிக்கல. யோசிச்சிருக்கணும்." ஏன் சொல்லவில்லை என்றேன். கோபமாகத்தான் பதில் சொன்னார். "சொன்னா நான் தப்பிச்சிருப்பேன். நீ எப்படிம்மா தப்பிப்பே? தெனமும் காத்துட்டுதான் இருந்தேன். ரொட்டிக் கடையிலகூட வாய்ப்புக் குடுத்தேன், நீ ரொட்டியே வாங்காம ஓடிட்டே."

அவர் என்னை மன்னிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் பேசினார்.

நான் எழுத உட்கார்ந்தது இதற்காகத்தான்: கிளம்பும் நேரம் எல்லோரும் பலகை முன்னால் வரிசையில் நின்றோம். ஒவ்வொருவரும் அவரவர் தகட்டை அவரவர் கையால் திருப்பினோம், பூட்ஸைக் கழற்றிவிட்டு. ஒன்றரை மணி நேரம் ஆனது, சமையல்கார அம்மா அவ்வளவு பூட்ஸைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தாள். எல்லாம் வெள்ளையாகிவிட்டது. தோன் ஒசியெல் விரல் வைத்து எண்ணினார். முப்பத்தொன்றில் நின்றார். ஆகஸ்டிலிருந்து அது வெள்ளையாகவே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துச் சிவப்பாகத் திருப்பி மாட்டினார்.

"இவ இன்னும் எறங்கி வரல" என்றார். "வந்து அவளே திருப்பட்டும்."

கியெர்மோ, "அப்ப விதிப்படி கதவைப் பூட்ட முடியாதே" என்றார்.

"பூட்டப் போறதில்ல."

"கோடைக்காலம் முழுக்கவா? எவனாவது வந்து எதையாவது தூக்கிட்டுப் போவான்!"

"என்ன இருக்கு தூக்கிட்டுப் போக? மெத்தையில இருக்கற மூட்டைப்பூச்சியா?"

கதவைச் சாத்தினார். பூட்டைத் திறந்தபடியே வளையத்தில் மாட்டிவிட்டு வந்தார். பேருந்து வளைவு திரும்பும் வரை நான் பின்பக்கக் கண்ணாடி வழியாக அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மைத்தேவின் ஞானஸ்நானம் டிசம்பர் 5, ஞாயிறு, பத்து மணி. நவம்பர் 15க்குள் பெயர்களைக் கொடுக்க வேண்டும் என்று பாதிரியார் சொல்கிறார். ஞானத்தாய் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். என் தங்கை பெயரைப் போடச் சொல்லி அம்மா நச்சரிக்கிறாள். போடவில்லை. நீ வர மாட்டாய் என்றால் அதையும் நீயே எழுது. நானாக எதையும் நினைத்துக்கொண்டு உன் இடத்தில் எழுதிவிட மாட்டேன்.

வருவாயா, மாட்டாயா? சீக்கிரம் பதில் போடு.

ஹிமேனா